வலி இல்லை என்று குறித்த நாட்கள்

மருந்துக் குப்பியைத் திறந்ததும் தேன் வாசனை வந்தது. பூனை விழுங்க வேண்டும் என்று இனிப்புச் சேர்க்கிறார்கள் போல. ஊசி இல்லாத சிறிய சிரிஞ்சில் இரண்டாவது கோடு வரை இழுத்தேன். உள்ளே ஒரு காற்றுக் குமிழி. வெளியே தள்ளிவிட்டு மறுபடி இழுத்தேன். மறுபடி குமிழி.

பெக்கு சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தது. நான்கு கால்களையும் வயிற்றுக்கு அடியில் மடக்கி, தலையைத் தோளுக்குக் கீழே இறக்கி, கண்களைப் பாதி மூடி. இரண்டு வருடமாக அப்படித்தான் உட்காருகிறது. அதை அமைதி என்று நினைத்திருந்தேன்.

உனக்கு எழுத வேண்டும் என்று அப்போது தோன்றியது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்து, சோற்றில் மீன் பிசைந்து வைத்து, அது தின்று முடித்த பிறகு மருந்து. வெறும் வயிற்றில் கூடாது என்று டாக்டர் சொன்னார். வாந்தி எடுத்தால் நிறுத்த வேண்டும். சாப்பிட மறுத்தால் நிறுத்த வேண்டும். மலம் கறுத்தால் உடனே போன் செய்ய வேண்டும். ரத்தப் பரிசோதனையில் பெக்குவின் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருப்பது தெரிந்தது. வலிக்கு நல்ல மருந்து, சிறுநீரகத்துக்கு அவ்வளவு நல்லதல்ல. ஒரு வாரம் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

எனக்கு இரண்டு பயம். ஒன்று, மருந்து அதைக் கொன்றுவிடும் என்பது. அதை டாக்டரிடம் சொன்னேன். இன்னொன்றைச் சொல்லவில்லை. மருந்து வேலை செய்துவிடும் என்பது.

*

நான் இந்த ஊருக்கு வந்தபோது பெக்கு ஏற்கெனவே உன்னுடன் இருந்தது. சிப்காட் பக்கத்து மாடி அறை. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே உன் கட்டில். பெயர் என்ன என்று கேட்டேன். "பெக்கு" என்றாய். கன்னடத்தில் பூனைக்கு அதுதான் சொல் என்று எனக்குத் தெரியாது. கீழ்வீட்டு ஓனரம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் பெக்கு, பெக்கு என்று விரட்டியிருக்கிறார். அதுவும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருக்கிறது. "அவளே வச்சிக்கிட்ட பேரு. நான் வக்கல" என்றாய்.

நீ அசெம்ப்ளி லைனில். நான் அதே கம்பெனியில் குவாலிட்டியில். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு வார்ப்பு இரும்பைத் தடவிப் பார்க்கும் வேலை. நீ அதைச் சொல்லிச் சிரிப்பாய். "கவிதைல எழுத்துப்பிழ பாக்கறவள இரும்புல ஓட்ட பாக்க வச்சிட்டாங்க."

ஒருத்தி ஏ ஷிப்ட் என்றால் ஒருத்தி பி ஷிப்ட். பெக்குவை யார் பார்ப்பது என்பதில் குழப்பம். சில நாள் இரண்டு முறை சோறு, சில நாள் சோறே இல்லை. அதற்காகத்தான் நீ சமையலறைக் கதவில் அந்தத் தாளை ஒட்டினாய். கம்பெனித் தாள் போலவே கட்டம் போட்டது. சாப்பாடு. தண்ணீர். பெக்கு வெளிக்குப் போக மண் நிரப்பிய மண் தட்டு. கடைசிக் கட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ சேர்த்தாய். முகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பெக்கு என் மடியில் கிடந்து உர்ரென்று ஒலித்துக்கொண்டிருந்தது. நீ துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தாய். ஈரக்கையோடு நின்று அதையே பார்த்தாய்.

"அவளுக்கு என்னமோ ஆயிடுச்சி."

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு. சந்தோஷமா உறுமுது பாரு."

"உனக்கு பல்லு வலிச்சப்ப ராவெல்லாம் முனகினியே. அது சந்தோசமா?"

குனிந்தாய். தொடவில்லை. பக்கத்தில் கூட வரவில்லை. விரலால் காற்றில் காட்டினாய்.

"காதப் பாரு. நேரா நிக்கல, ரெண்டும் பக்கத்துக்குப் போயிருக்குது. கண்ணு முழுசா தெறக்கல. மூஞ்சி இறுக்கிட்டு இருக்குது, மீச பாரு, கம்பி மாதிரி. நீ குவாலிட்டிலதான வேல செய்யற?"

"செய்யறேன்."

"பீஸப் பாக்காம டிக் போடற ஆளு போல."

நான் பார்த்தேன். எனக்கு ஒரு பூனைதான் தெரிந்தது. நீ சொன்ன பிறகு காது தெரிந்தது. காது தெரிந்த பிறகு கண் தெரிந்தது. கடைசியில் அந்த முகத்தை முகமாகப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக மடியில் வைத்திருந்தேன்.

எழுந்து என் பையிலிருந்து காய்ச்சல் மாத்திரை எடுத்து, பாதியாக உடைத்து, அதையும் பாதியாக உடைத்தேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு. நீ என் கையைத் தட்டிவிட்டாய். மாத்திரைத் துண்டு அடுப்புக்கு அடியில் உருண்டது. வலித்தது எனக்கு. உன்னை அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

"பாரூர்ல எங்க ஊட்டுப் பூனைக்கி இதான் குடுத்தாங்க. எங்கம்மா பாவம்னுதான் குடுத்துச்சி. விடிஞ்சா நாக்கு நீலமாயிடுச்சி. மூச்சு வுட முடியாம... மனுசங்களுக்கு இருக்கறத இதுக்குக் குடுக்கவே கூடாது. கால் மாத்திரகூட."

அடுப்புக்கு அடியில் கைவிட்டு அந்தத் துண்டைத் தேடி எடுத்து, காகிதத்தில் மடித்துக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாய். அதன்பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வால் அடியில் ஏதோ கடுவன் பூனை கடித்து, உள்ளே சீழ் கட்டியிருந்தது. வெளியே ஒரு முடிகூடக் கலையவில்லை.

*

புண் ஆறியதும் நீ ஒரு படம் எடுத்தாய். பெக்குவின் முகம் மட்டும். தாடைக்குக் கீழே உன் இரண்டு விரல்கள். பிரிண்ட் போட்டு வந்து தாளின் பக்கத்தில் ஒட்டினாய்.

"இது நல்ல பீஸ்" என்றாய்.

எங்கள் பரிசோதனை மேசையில் எப்போதும் ஒரு நல்ல பீஸ் இருக்கும். பழுதே இல்லாத ஒன்று. சந்தேகம் வந்தால் கையில் உள்ளதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நினைவை நம்பக்கூடாது. எட்டு மணி நேரம் பழுதையே பார்த்துக்கொண்டிருந்தால் பழுது சாதாரணமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். அதனால்தான் அந்த ஒன்றை யாரும் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. மாற்றினால் காரணம் எழுதி, மேலே இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். இதை நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அதன்பிறகு மூன்று வருடம் இரண்டு பேரும் தினமும் படத்தையும் முகத்தையும் பார்த்துக் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டோம். இரண்டு முறை நீ டிக் போடவில்லை. இரண்டு முறையும் நீ சொன்னது சரியாக இருந்தது. நான் ஒருநாளும் டிக் போடாமல் இருந்ததில்லை.

பிறகு நீ போய்விட்டாய். காலை, பஸ்ஸைத் தவறவிட்டு, ஸ்கூட்டியில், மெயின் ரோட்டில். அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுத முடியவில்லை.

உன் வீட்டார் வந்து துணிகளை எடுத்துப்போனார்கள். கட்டில் எனக்கு வேண்டும் என்றேன். பெக்குவை நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். உன் தம்பி தலையாட்டினான். தாள் கதவிலேயே இருந்தது. இப்போது ஒரே கையெழுத்து.

நான்காவது மாதம் அந்தப் படத்தைக் கழற்றினேன். முகத்தைப் பார்க்கப் போனால் உன் விரல்கள் தெரிந்தன. நகத்தில் பாதி அழிந்த சிவப்பு. ஒவ்வொரு நாளும் சோறு வைத்துவிட்டு உன் விரல்களைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதை எடுத்து அலமாரியின் அடித்தட்டில் சேலைக்குக் கீழே வைத்தேன். தாள் பக்கத்தில் படம் இல்லாமல் இருக்கக்கூடாதே என்று பெக்குவைப் புதிதாக ஒரு படம் எடுத்து ஒட்டினேன்.

காரணம் எழுதவில்லை. கையெழுத்தும் இல்லை.

*

அதே சமயத்தில்தான் பெக்கு ஜன்னலுக்கு ஏறுவதை நிறுத்தியது. உன் பஸ் வரும் நேரத்துக்கு உன் கட்டிலில் ஏறி, அங்கிருந்து ஜன்னல் திண்டுக்குத் தாவி உட்காரும் அல்லவா. அது நின்றது. பிறகு கட்டிலுக்கும் ஏறவில்லை. கட்டில் காலடியில் தரையில் படுத்துக்கொண்டது.

ஓனரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவள நோட்தா, தேடிக்கிட்டு இருக்கும்மா. வரல்லன்னு தெரிஞ்சி மேலே ஏறல்ல. அதுக்கும் மனசு இருக்குதல்ல."

எனக்கு அது வேண்டியிருந்தது. அந்த வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். பெக்கு துக்கத்தில் இருக்கிறது. முதுகை நக்கிக்கொள்வதில்லை, துக்கம். தொட்டால் விலகுகிறது, துக்கம். மண் தட்டில் ஏறாமல் பக்கத்துத் தரையில் போகிறது, துக்கம். நான் இரவுச் சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு உன் கட்டிலைப் பார்ப்பேன். அது தரையில் குறுகி உட்கார்ந்து எங்கோ பார்க்கும். நாங்கள் இருவரும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். இரண்டு வருடம் அப்படி இருந்தோம். உனக்காக அழ இந்த வீட்டில் இன்னொரு ஆள் இருந்தது.

உன் தம்பியிடம் போனில் சொன்னேன். "பெக்கு இன்னும் அவளத் தேடுது தம்பி. ஜன்னல்கிட்டகூடப் போறதில்ல." அதன்பிறகு மாதம் ஒருமுறை கூப்பிட்டு அதையே கேட்பான். "பூன ஏறுதாக்கா?" இல்லை என்பேன். அவனுக்கும் அது ஒரு ஆறுதல்.

தாளில் தினமும் டிக். முகத்தைப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் போட்டேன். ஏமாற்றவில்லை. முகம் படத்தைப் போலவே இருந்தது.

*

போன வாரம் அதன் இடுப்பில் முடி சிக்குப் பிடித்து முடிச்சாகியிருந்ததை வெட்டப்போனேன். கத்தரி படவே இல்லை. விரல் பட்டதும் பெக்கு திரும்பி என் மணிக்கட்டைக் கவ்வியது. பத்து வயதுப் பூனை, யாரையும் கடிக்காதது. கடித்துவிட்டு ஓடவும் இல்லை. நகர முடியாமல் அங்கேயே நின்றது. கடிபட்ட இடத்தைக் கழுவி, நான் ஊசி போட்டுக்கொண்டு, மறுநாள் அதைக் கூடையில் தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டர் இளம் வயதுப் பெண். இடுப்பையும் பின்னங்கால்களையும் மெதுவாக நீட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார்.

"மேல ஏறுதா?"

"இல்ல டாக்டர். ரெண்டு வருஷமா. என் ஃப்ரெண்டு இறந்ததுலருந்து. அவளத் தேடுது."

அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்தார்.

"தேடலாம். மூட்டு வலிச்சாலும் ஏறாது. பாக்க ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்."

"வலிச்சா கத்தாதா?"

"பூனையா? நம்மகிட்டயா?" சிரிப்பு மாதிரி ஒன்று. "தேய்மானம் எக்ஸ்ரேல தெரியுதும்மா. வலி எக்ஸ்ரேல தெரியாது. வீட்ல பாக்கறவங்கதான் சொல்லணும். பத்துக்கு எவ்வளவு இருக்கும்னு நெனைக்கறீங்க?"

என்னிடம் எண் இல்லை. எழுநூறு நாளுக்கு டிக் இருந்தது.

"நல்லா இருந்தப்ப எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?"

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கதவில் ஒட்டியிருந்த அதே படம். அவர் விரல்களால் பெரிதாக்கினார். கண்ணருகே நிறுத்தினார். காதருகே நிறுத்தினார்.

"இது நல்லா இருந்தப்ப எடுத்ததில்லம்மா."

வீட்டுக்கு வந்து அலமாரியின் அடித்தட்டைத் திறந்தேன். நீ எடுத்த படத்தைக் கொண்டுவந்து கதவில் இருந்ததன் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் கண்கள் வட்டமாக, காதுகள் நேராக, மீசை தளர்ந்து இரண்டு பக்கமும் தொங்க, உன் விரல்களில் கனத்தை இறக்கி வைத்த முகம். இன்னொன்றில் கண்கள் இடுங்கி, காதுகள் பக்கவாட்டில் சாய்ந்து, மூக்கைச் சுற்றி இறுகி, கம்பியாக மீசை. அன்று மதியம் நீ ஈரக்கையால் காற்றில் காட்டிய அத்தனையும். அந்த முகத்தை நல்ல பீஸ் என்று ஒட்டி, தினமும் அதையே அதோடு ஒப்பிட்டு, சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன்.

இதற்கு மருந்து ஒன்றுதான் சாட்சி. டாக்டர் சொன்னது இதுதான்: "குடுத்துப் பாப்போம். பூன மாறுச்சுன்னா வலி இருந்துச்சுன்னு அர்த்தம். மாறலன்னா வேற யோசிப்போம்."

*

முதல் நாள் ஒன்றுமில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. ஒரு உயிருக்கு மருந்து பலிக்காமல் இருக்கட்டும் என்று உள்ளுக்குள் யாரோ வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் மண் தட்டைக் கிளறி நிறம் பார்த்தேன். கறுப்பு இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தேன். குறைந்திருந்தது. வேலையில் இருக்கும்போது கைகழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சாவி கொடுத்து வைத்திருந்த ஓனரம்மாவைப் போனில் கூப்பிட்டேன். "பெக்கு வாந்தி எடுத்துச்சாம்மா?" "இல்லம்மா. எத்தன தடவ கேப்ப? போய் வேல பாரு."

மூன்றாம் நாள் விடுப்பு. ஆள் பார்க்கும்போது பூனை மறைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துப் பதிவை ஓடவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது ஒரு மணி நேரம் வெறும் தூக்கம். பிறகு பெக்கு எழுந்தது. முன்கால்களை நீட்டி, இடுப்பை உயர்த்தி, பின்கால் ஒன்றைத் தூக்கி, தலையைத் திருப்பித் தன் முதுகை நக்கியது. சாதாரணமாக. எந்தப் பூனையும் செய்வது. கடைசியாக அதை எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். கிடைக்கவில்லை.

பதிவை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

ஐந்தாம் நாள் கதவைத் திறந்தபோது வாசலில் பெக்கு இல்லை. எப்போதும் இருக்கும். கூப்பிட்டேன். சத்தமில்லை. காலையில் வைத்த சோறு பாதி அப்படியே. சிறுநீரகம் என்று நினைத்தேன். கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். உன் அம்மாவின் பூனை, நீல நாக்கு. என் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால் பார்த்தேன். குளியலறையில் விளக்குப் போடக் கை வரவில்லை. போட்டேன். இல்லை. மண்டியிட்டு உன் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். தூசி மட்டும்.

தலைக்கு மேலே ஏதோ உரசும் சத்தம்.

ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்தது. வால் கீழே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. எதிர்மாடித் தண்ணீர் டேங்கின் மேல் ஒரு புறா. பெக்குவின் கண் முழுதாகத் திறந்து அதன் மேலேயே இருந்தது. தாடை மெல்ல நடுங்கி, க்க்க் என்று வேட்டைச் சத்தம். கீழே கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்று ஆட்களை இறக்கியது. அது பஸ்ஸைப் பார்க்கவில்லை.

ஒருவேளை முதலிலும் பஸ்ஸைப் பார்த்திருக்காது. அந்த நேரத்துக்குப் புறாக்கள் வரும் போல.

அப்படியானால் இந்த வீட்டில் உன்னைத் தேடியது நான் ஒருத்திதான். பக்கத்தில் ஒரு பூனை வலியில் குறுகி உட்கார்ந்திருந்தது. அதைத் துணை என்று நினைத்துக்கொண்டேன்.

*

உன் தம்பிக்குப் போன் செய்தேன். சொல்லாமல் இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன்.

"தம்பி, பெக்கு ஏறிடுச்சு."

"ஏறிடுச்சா?" குரலில் சந்தோஷமா வேறெதுவுமா என்று தெரியவில்லை. "அப்ப அக்காவ மறந்துடுச்சா?"

"அது தேடலப்பா. அதுக்கு மூட்டு வலி. ரெண்டு வருஷமா வலி. நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்."

அவன் பக்கத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. வாய்க்காலில் நிற்கிறான் போல. மோட்டாரை நிறுத்தினான்.

"தினமும் பக்கத்துலயே இருந்தியேக்கா. உனுக்கே தெரியலியா?"

"தெரியல."

பிறகு அவன் கேட்டான்.

"அப்ப ஆஸ்பத்திரில சொன்னாங்களே. அக்காவுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, வலியே இருந்திருக்காதுன்னு. அது?"

நீ போன அன்று அந்த வாக்கியத்தை வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நடந்துகொண்டே சொன்னார். உன் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதைச் சொன்னான். உன் அம்மாவிடம் நான் சொன்னேன். லைனில் கேட்டவர்களிடமெல்லாம் நான் சொன்னேன். யார் பார்த்தார்கள், எந்த நேரத்தில் பார்த்தார்கள், எதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இல்லை தம்பி, வலித்திருக்காது என்று சொல்ல வாய் எடுத்தேன். பழகிய சொற்கள். நாக்கு வரை வந்துவிட்டன.

"தெரியல தம்பி" என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பதில் இப்போது எங்கள் இரண்டு பேரிடமும் இருக்கிறது. எனக்கு அதைக் கண்டு பயம்தான். ஆனாலும் உனக்கு வலி இல்லை என்று இனி நான் குறிக்க மாட்டேன்.